கதவில் சந்தனம்

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் புதிய மின்சாரப் பேனலுக்குப் பூஜை. பேனலின் இரும்புப் பெட்டியை மண்ணோடு இணைக்கும் எர்த் கம்பி இன்னும் கட்டப்படவில்லை. கரண்ட் கசிந்தால் பெட்டிக் கதவைத் தொடுபவர் பிழைப்பது கடினம். அங்கே எல்லாருக்கும் ஈரக்கை.

"கம்பியை நாளைக்குக் கட்டிக்கலாம். இப்ப சுவிட்சைப் போடு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ" என்றார் மேனேஜர் வரதராஜன்.

ஒயரிங் செய்யும் சகாயமேரி மறுக்கவில்லை. "சரிங்க சார். நான் சுவிட்சைப் போடறேன். நீங்க கதவுல சந்தனம் வைங்க."

சந்தனக் கிண்ணத்தை வாங்கிய மேனேஜரின் கை பாதியில் நின்றது. "வேற யாராவது வைக்கட்டும்."

"யாருங்க சார்? பேரைச் சொல்லுங்க."

வரிசையாக நின்ற பட்டறைப் பெண்கள் அவரையே பார்த்தார்கள்.

பூஜைக்கு வந்திருந்த முதலாளியம்மா அவரிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார். "கம்பியைக் கட்டும்மா. சாமி காத்திருக்கும்."