வாசல் புங்கமரத்துக்கு ஒரு வக்கீல்

நகரத்து மரங்களுக்காக வாதாட எங்களுக்குப் பயிற்சி வகுப்பு. சிறப்பு விருந்தினர் யார்? வாசலில் நிற்கும் புங்கமரத்தை நாளை வெட்டச் சொல்லி உத்தரவு போட்ட பொறியாளர் கஜபதியேதான். பொருத்தம் பிரமாதம்.

தொண்டையைச் செருமினார். "அதாகப்பட்டது, காற்று, மழை, குருவின்னு யாரும் அளக்கக் கூடாது. மரம்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. அப்படிப் பேசி என் மனசை மாத்துங்க, உத்தரவைக் கிழிச்சுடறேன்."

எல்லோரும் குறிப்பேட்டைப் புரட்டினோம். நேற்றுதான் சேர்ந்த பௌசியா எழுந்தாள்.

"சார், உங்க காரை எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொல்லட்டுங்களா?"

"அங்கயா? வெயில் கொளுத்துதும்மா. சீட்டு கொதிச்சா எப்படி உட்கார்றது?"

"நாளையிலிருந்து இங்கயும் அப்படித்தான் சார்."

ஐயா ஜன்னல் வழியே பார்த்தார். புங்கை நிழலில் கார் சுகமாக நின்றது. உத்தரவு கிழிந்தது.

உலகமே கொதிக்கிறது என்று நாங்கள் மனு கொடுத்தபோதெல்லாம் அசையாதவர், சீட்டு கொதிக்கும் என்றதும் இளகிவிட்டார்.