மன்னர் மூக்கில் ஒரு பொத்தான்

வேங்கைக்கோட்டையை ஆண்ட வீரகண்ட மன்னருக்கு ஒரு நாள் திடீரென்று விசைப்பலகை மேல் வெறுப்பு வந்துவிட்டது. மன்னருக்கு வந்தால் நாட்டுக்கே வரவேண்டுமே! "இனி எல்லாம் தொடுதிரைதான். புது இயங்குதளம். ஒரே மாதத்தில் எல்லாச் செயலிகளும் விரலுக்கு ஏற்றபடி மாறவேண்டும்" என்று ஆணை போட்டுவிட்டார்.

செயலி எழுதும் நாற்பது பேரும் புதுப்பாடம் படித்தார்கள். பொத்தான் பெருவிரல் அகலம் இருக்கவேண்டும். இரண்டு பொத்தான்கள் ஒட்டி நிற்கக் கூடாது. கைதவறிப் பட்டுவிடலாம் என்பதால், எதைத் தொட்டாலும் "உறுதியா?" என்று திரை ஒருமுறை கேட்கவேண்டும். இதெல்லாம் சுலபமாக வந்துவிட்டது.

வினையோ மந்திரி மாணிக்கராயர் உருவத்தில் வந்தது. மன்னரைக் குளிர்விக்க, எல்லாத் திரையிலும் மன்னர் திருமுகத்தையே பின்னணியாக வைத்துவிட்டார் மனிதர். அந்த நாட்டிலோ மன்னர் படத்தைத் தொட்டால் தொட்ட விரல் போய்விடும். பழைய சட்டம்.

தொடாமல் தொடுதிரையை எப்படிச் சோதிப்பது? ஒருவர் ஊதிப் பார்த்தார். ஒருவர் வாழைப்பழத்தால் அமுக்கினார். அது வேலையும் செய்தது! "பழத்தைப் பிடித்த கை யாருடையது?" என்று மந்திரி மடக்கிவிட்டார். கடைசியில் குழுத்தலைவி செங்கமலம், வேலை மும்முரத்தில் சட்டத்தை மறந்து, ஆள்காட்டி விரலால் அமுக்கியேவிட்டாள். மன்னர் கன்னத்தில் விரல்ரேகை! மந்திரி அவளைக் கையோடு அவைக்கு இழுத்து வந்தார்.

"சட்டம் சட்டம்தான். நாளை வெளியீட்டு விழா முடிந்ததும் விரலை எடுங்கள்" என்றார் மன்னர்.

அவையில் விகடகவி வடுகநாதரும் இருந்தார். சிரிக்கவைத்துச் சோறு தின்கிற மனிதர்தான். ஆனாலும் அந்தப் பெண் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றதை அவரால் சகிக்க முடியவில்லை.

"மன்னா, நாளை ஒருநாள் சட்டத்தை ஒன்றுவிடாமல் நடத்திக் காட்ட அனுமதி வேண்டும்."

"தாராளமாக நடத்தும்!"

மறுநாள் காலை மன்னர் கண்விழித்தபோது அரண்மனை வாசலிலிருந்து ஆற்றங்கரை வரை வரிசை நின்றது. ஆளுக்கொரு திரைப்பலகை.

"என்ன ஐயா இது?" என்றார் வடுகநாதரிடம்.

"செயலியைப் பயன்படுத்த வந்திருக்கிறார்கள், மன்னா. தங்கள் முகத்தைத் தொடும் உரிமை இந்த நாட்டில் தங்களுக்கு மட்டும்தானே? அமுக்கியருளுங்கள்."

மன்னர் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். ஒருவருடைய மாட்டைப் பதிவு செய்தார். ஒருவருக்கு மதகு திறந்தார். ஒரு பாட்டுக்காரருக்குச் சத்தத்தைக் கூட்டினார். "இன்னும் கொஞ்சம், மன்னா... ஐயோ, அதிகமாகிவிட்டது, குறையுங்கள்!" ஒவ்வொன்றுக்கும் "உறுதியா?", "உறுதியா?" என்று திரை கேட்டது. உச்சிப்பொழுதில் மன்னர் விரல் கத்தரிக்காய் போல வீங்கிவிட்டது.

"போதும்! என் முகத்தை எல்லாத் திரையிலிருந்தும் எடுத்துத் தொலையுங்கள்!"

"உத்தரவு. ஆனால் படத்தை நீக்கும் பொத்தான் தங்கள் மூக்கின்மேல் இருக்கிறது. நாலாயிரம் திரை, மன்னா. தாங்கள்தான்..."

மன்னர் முகம் வெளுத்தது. "நான் எதற்கு இருக்கிறேன், மன்னா!" என்று பாய்ந்தார் மாணிக்கராயர். திரையில் இருந்த மன்னர் மூக்கில் ஓங்கி ஒரு அமுக்கு!

மாணிக்கராயர் தன் விரலைப் பார்த்தார். பிறகு மெல்ல அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"மன்னா, இப்போது இரண்டு விரல். யாருடையதை முதலில் எடுப்பது?" என்று கேட்டார் வடுகநாதர்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தச் சட்டத்தையே ரத்துசெய்தேன்! செங்கமலம், மீதி மூக்குகளை நீயே அமுக்கம்மா, அதே விரலால்!" செங்கமலம் அழுகையும் சிரிப்புமாகத் திரைப்பலகையை வாங்கிக்கொண்டாள்.

"வடுகநாதரே, என் பட்டத்து யானை இனி உமக்கு!"

வடுகநாதர் பணிவாகக் கைகட்டி நின்று கேட்டார்: "உறுதியா?"

மன்னர் வீங்கிய விரலைத் தூக்கிக் காட்டினார். "இன்னொரு முறை அந்த வார்த்தையைச் சொன்னால் இரண்டு யானை தருவேன். தீனி உம் செலவில்தான். ஓடும்!"