கோலா, கொல்லா?

முன்னொரு காலத்தில், புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியே வைக்காமல் எழுதிவந்த நாளில், ஒரு ராஜா இருந்தான். அந்த எழுத்தில் எகர ஒகரங்களின் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே உருவம். கொடி என்று எழுதினாலும் கோடி என்று எழுதினாலும் கண்ணுக்கு ஒன்றுதான். இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

அந்த ராஜாவுக்குத் திடீரென்று படிப்பின்மேல் பித்துப் பிடித்தது. இனி நாட்டில் எல்லாம் நூலில் உள்ளபடி, எழுத்துப் பிசகாமல் நடக்க வேண்டும், கைப்பழக்கம் கண்ணறிவு என்று எவனும் வாய் திறக்கக் கூடாது என்று பறையறைவித்தான். பெரிய வித்தியாசாலை ஒன்றும் கட்டினான். அங்கே நூலை வரி மாறாமல் ஒப்பித்தவன் கெட்டிக்காரன். ஏன் என்று கேட்டவன் மக்கு. எனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்? கைபேசியில் எவனோ அனுப்பியதைப் படித்துவிட்டு நாய்க்குட்டிக்கு ஆகாத பூண்டை ஊட்டுகிற மகாராசர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

போகட்டும். அரண்மனை யானை அல்லி ஒரு நாள் முன்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டியது. பாகன் கரியன் அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவன். காலில் முள் ஏறியிருக்கிறது, எடுத்துவிடுகிறேன் என்று வந்து நின்றான். எந்த நூலில் படித்தாய் என்று கேட்டு அவனைத் துரத்திவிட்டார்கள். மூன்று நாள் சபை கூடியது. தலைமைப் பண்டிதர் அகளங்கர் யானை வைத்திய ஏட்டைப் புரட்டி, "நொண்டும் யானை கொல் என்று இருக்கிறது. கொன்றுவிட வேண்டியதுதான்" என்றார்.

சேதி கேட்டுச் சபைக்கு ஓடிவந்த கரியன் தரையில் விழுந்து அழுதான். "சாமி, அது கோலுங்க. கோலைக் கட்டி அதுல சாச்சு நிறுத்தினா பாரம் குறையும், முள்ளப் புடுங்கிரலாம். எங்கப்பன் காலத்துலேந்து அப்படித்தாங்க."

சபையில் விகடன் நக்கன் இருந்தான். அவனுக்கு நெஞ்சு கொதித்தது. இருமும் யானை இஞ்சி என்று முந்தின வரி இருக்கிறதே, அது மருந்தென்றால் இதுவும் மருந்துதானே என்று கேட்டான். நக்கன்மேல் பண்டிதருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். ராஜா சிரிக்க நினைத்தால் அவனைத்தானே கூப்பிடுகிறான்!

"அரசே, எழுத்தில் இல்லாத நெடிலை இவன் கூட்டிப் படிக்கிறான். தங்கள் ஆணையையே மீறுகிறான். ஓலையில் நெடிலைக் காட்டட்டும். இல்லையேல் யானையோடு இவனுக்கும் இந்நாட்டில் இடம் இருக்கலாகாது."

ராஜாவும் தலையை ஆட்டிவிட்டான். நாளை உச்சிப்பொழுது வரை நக்கனுக்குத் தவணை. அதற்குமேல் அல்லி உயிரோடு இருக்காது.

மறுநாள் காலையில்தான் பண்டிதர் வித்தியாசாலைக்கு அதிபதியாகப் பதவியேற்பதாக இருந்தது. சடங்கு முறையை அவரே தம் கையால் ஓலையில் எழுதி ராஜமுத்திரையும் வாங்கியிருந்தார். நாட்டைவிட்டுப் போகும் முன் அந்தச் சடங்கையாவது நான் நடத்தித் தருகிறேன் என்று நக்கன் கெஞ்சினான். எதிரி கைகட்டி நிற்பதைப் பார்க்கும் ஆசையில் பண்டிதரே சரி என்றார்.

காலையில் பட்டு உடுத்தி, மேளதாளத்தோடு வந்த பண்டிதர் அரண்மனை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, வண்டி வண்டியாகப் புளியங்கட்டையைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜா என்ன இது என்று கேட்டான். நக்கன் ஓலையை விரித்துப் படித்தான்.

"அதிபதி எரியில் மும்முறை மூழ்கி எழுக. எரி என்றால் தீ, அரசே. இதோ தீ தயார். பண்டிதர் மூழ்க வேண்டியதுதான் பாக்கி."

பண்டிதருக்கு வேர்த்துக் கொட்டியது. அது எரி அல்ல, ஏரி என்று கத்தினார். நெடில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று நக்கன் ஓலையை நீட்டினான். எழுத்துப் பிசகக் கூடாது என்ற ராஜாவின் ஆணைப்படி இரண்டு காவலர்கள் அவர் தோளைப் பிடித்தார்கள்.

"அடேய், இடம் பார்த்துப் படிக்க வேண்டாமா? தீயில் எவனாவது முழுகுவானா?" என்று அலறினார் பண்டிதர்.

"முழுக மாட்டான். நொண்டுகிற யானையைக் கொல்வதற்கு எவனாவது வைத்திய நூல் எழுதுவானா? உம்முடைய தோல் என்றால் இடம் பார்த்துப் படிக்க வேண்டும், வாயில்லாத சீவன் என்றால் எழுத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும். இதற்குப் பெயர் படிப்பா?" என்று கேட்டான் நக்கன். விகடம் செய்கிறவன் குரலாக அது இல்லை.

ராஜா உடனே தீயை அணைக்கச் சொன்னான், கோலைக் கட்டச் சொன்னான். கரியன் அல்லியைச் சாய்த்து நிறுத்தி, விரல் நீளத்துக் கருவேல முள்ளை உருவி எடுத்தான். இத்தனை பண்டிதர்களுக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்று ராஜா வியந்து கேட்டான்.

"காலைத் தூக்கிப் பாத்தேங்க."

அவ்வளவுதான். மூன்று நாளும் அதை ஒருவரும் செய்யவில்லை. ராஜா வெட்கத்தோடு விழுந்து விழுந்து சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிக் கரியன் கழுத்தில் போட்டுவிட்டு, நக்கனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான்.

இனி வித்தியாசாலையில் முதல் பாடம் யானைக் கொட்டிலில் நடக்க வேண்டும், அதுவும் இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றான் நக்கன். பண்டிதர் பட்டு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி சாணிக்கு நடுவில் குந்தினார். கரியன் ஒரு சொல் சொன்னான். அல்லி காலைத் தூக்கிக் காட்டியது. யானைக்கு உள்ளங்கால் இப்படித்தான் இருக்கும் என்று பண்டிதர் அன்றைக்குத்தான் பார்த்தார்.