அரக்குக் குளிகையும் பாதிக் கடியும்

கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தா இந்தக் கதையோட சூடு உங்களுக்குத் தெரியாது.

ரொம்ப காலத்துக்கு முந்தி, ஏழுமடை நாட்டைக் கங்கேயராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். மனசு குளிர்ந்தால் யானை தருவான். முகம் சுளித்தால் அதே யானையின் காலில் போடுவான். அவனுக்குக் குடலில் புழு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிம்மாசனத்திலேயே சுருண்டு கிடப்பான்.

அரண்மனை வைத்தியர் மருதப்பன் குளிகை கொடுத்தார். கொடுக்கிற நாளெல்லாம் ராஜாவுக்கு வாந்தி.

"விஷம்!" என்று கூவினான் கோதண்டன். ராஜா வாய்க்குப் போகிற எதையும் முதலில் பாதி கடித்துப் பார்க்கிறவன் இவன். மீதிப் பாதிதான் ராஜாவுக்கு. அந்த நாட்டு வழக்கம் அப்படி. கடித்ததும் துண்டால் வாயை மூடிக் குனிவான். பக்கத்திலே மூடி போட்ட வெள்ளிப் படிக்கம், வெற்றிலை துப்ப. அதை வேறு யாரும் தொடக்கூடாது. ராஜா வைத்தியரை மட்டும் 'ஐயா' என்று கூப்பிடுவது கோதண்டன் வயிற்றில் எரிந்துகொண்டே இருந்தது.

"நாளைக் காலையில வைத்தியருக்கு யானைக் கால்," என்றான் ராஜா.

மந்திரி திருமேனி சிறைக்கு ஓடினார். விலங்கோடு கிடந்த மருதப்பன் சொன்னார்: "குளிகை மேல அரக்கு பூசியிருக்கேன், மந்திரி. மருந்து இரைப்பையில பட்டா எரியும், வாந்திதான். குடல்ல போய்த்தான் அரக்கு கரையும். கடிக்காதீங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். 'பல்லுக்குப் பயப்படுறது விஷம்தான்'னான் கோதண்டன். ராஜா சிரிச்சாரு."

சிரிச்சாராமே! திருமேனிக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. வைத்தியர் வீட்டில் மிச்சமிருந்த குளிகைகளை எடுத்துக்கொண்டு நேரே சபைக்கு வந்தார். ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு, இன்னொன்றில் வண்ணார் துணி வெளுக்கிற உவர்மண் தண்ணீர், வெதுவெதுப்பாக.

"வாந்தி வரும்போது வாய் என்ன ருசி, மகாராஜா?"

"புளிப்பு. இதென்ன கேள்வி?"

"அந்தப் புளிப்புதான் இரைப்பை." முழுக் குளிகையைச் சாற்றில் போட்டார். கூழாங்கல் மாதிரி கிடந்தது. எடுத்து உவர்த் தண்ணீரில் போட்டார். மெல்ல மெல்ல அரக்கு இளகி, மருந்து வெளியே வந்தது. "குடல் இந்த மாதிரி." அப்புறம் கோதண்டன் பக்கம் திரும்பினார். "உம்ம உத்தியோகத்தைப் பாரும்."

கோதண்டன் ஒன்றை எடுத்துப் பாதி கடித்தான். துண்டால் வாயை மூடினான், குனிந்தான். அந்தக் குனிவைத் திருமேனி பார்த்துவைத்துக்கொண்டார். மீதிப் பாதியைச் சாற்றில் போட்ட மாத்திரத்தில் கரைந்து கலங்கிப்போனது.

"அரக்குங்கிற கோட்டைக் கதவைப் பல்லால உடைச்சவன் இவன்," என்றார் மந்திரி. "மருந்து கொடுத்த வைத்தியருக்கா யானைக் கால்?"

"அப்போ ராஜாவுக்கு யார் காவல்?" குதித்தான் கோதண்டன். "இந்த மந்திரியும் வைத்தியனோட கூட்டு!"

"மகாராஜா ஒண்ணு விழுங்கட்டும், நீரும் ஒண்ணு விழுங்கும். முழுசா. அவர் கையாலேயே எடுத்துத் தரட்டும். விடியறதுக்குள்ள அவர் வாந்தி எடுத்தா, வைத்தியர் பக்கத்துல என்னையும் படுக்க வையுங்க."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. இரண்டு குளிகையை எடுத்தான். ஒன்று தனக்கு, ஒன்று கோதண்டனுக்கு. கோதண்டன் வாயில் போட்டுக்கொண்டான். துண்டைத் தேடினான், அது திருமேனி கையில் இருந்தது. அவன் தொண்டை ஏறி இறங்குகிறவரை மந்திரி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ராத்திரி வாந்தி இல்லை. காலையில் புழு வெளியேறி, ராஜா நிமிர்ந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்டான்.

"வைத்தியரை விட்டுடுங்க," என்றான், ஏதோ புறாவை விடுகிற மாதிரி. விலங்கு அறுத்த புண்ணோடு மருதப்பன் தத்தித் தத்தி வந்து நின்றார். அவரை ஏறிட்டும் பார்க்காமல் ராஜா ஒரு முத்துமாலையை மந்திரி கழுத்தில் போட்டான். "கோதண்டனுக்கும் ஒண்ணு கொண்டாங்க. பாவம், இத்தனை வருஷமா எனக்காக விஷத்துக்கு வயிற்றைக் கொடுத்தவன்!"

கோதண்டன் பல் தெரியச் சிரித்தான்.

திருமேனி மாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டார். நேரே போய், யாரும் தொடக்கூடாத அந்த வெள்ளிப் படிக்கத்தை இரண்டு கையாலும் தூக்கி, மூடியைத் திறந்து, சிம்மாசனத்துப் படியில் கவிழ்த்தார். வெற்றிலைச் சக்கையோடு கொட்டியது அத்தனையும்: பாதி குளிகை, பாதி குளிகை, பாதி அதிரசம், பாதி குளிகை.