நிழலின் எடை

“மாரிக்கனியை மெல்லக் கற்போர் அறைக்கு அனுப்பிடுங்க, டீச்சர்” என்றார் இருதயராஜ்.

அவர் ஆறாம் வகுப்பு ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். கேட்டது தலைமையாசிரியை மங்கையர்க்கரசியிடம்.

“ஏன் சார்?”

“எதைச் சொன்னாலும் புரியலங்கிறா. அவளால பாடம் நகரவே மாட்டேங்குது.”

“அந்த அறைக்குப் போன பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லையே.”

இருதயராஜ் அவள் பேர் எழுதிய அனுப்புத் தாளை நீட்டினார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவர் கையில் இன்னொரு தாளும் இருந்தது. ‘மாணவர் பெற வேண்டிய திறன்கள்’ என்று தலைப்பு. கீழே முதல் வரியே காலி.

“இதுல முதல்ல எதை எழுதறதுன்னும் தெரியல, டீச்சர். வாசிப்பா? கணக்கா? நீங்களே சொல்லுங்க.”

“வாங்க, உங்க வகுப்புக்குப் போவோம்.”

ஆறாம் வகுப்பு எழுந்து, வணக்கம் சொல்லி, உட்கார்ந்தது. இருதயராஜ் கதவோரம் நின்றார்.

மங்கையர்க்கரசி கரும்பலகையில் கொடியில் தொங்கும் ஓர் ஈரத்துணியை வரைந்தார்.

“துணி காயும்போது தண்ணி எங்க போகுது? அதோட நிழலுக்குள்ள போகுது. அதனால துணி காயக் காய நிழலோட எடை கூடும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்!”

நாற்பது குரல். சிலர் நோட்டில் எழுதியும் கொண்டார்கள்.

மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள்.

“புரியல டீச்சர்.”

“ஆரம்பிச்சுட்டாடா” என்றான் பின்னாலிருந்து ஒருவன். வகுப்பு சிரித்தது.

“என்ன புரியல, மாரிக்கனி?”

“நிழலை எப்படி டீச்சர் தராசுல வைக்கிறது?”

சிரிப்பு நின்றது. எழுதிக்கொண்டிருந்த பேனாக்களும் நின்றன.

மங்கையர்க்கரசி கதவுப் பக்கம் திரும்பினார்.

“சார், உங்களுக்குப் புரிஞ்சுதா?”

அப்போதுதான் இருதயராஜ் கவனித்தார். தன் தலை ‘ஆமாம்’ என்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பில் ஆடத் தொடங்கிய தலை. வீட்டிலேயே முதல் பட்டதாரி ஆகும்வரை ஆடிய தலை.

அதை நிறுத்த அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“புரியல, டீச்சர்.”

“சரி, அந்தத் தாளைக் கொடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன். எழுதியிருக்கிற பேர் அப்படியே இருக்கட்டுமா?”

இருதயராஜ் தாளை இரண்டாகக் கிழித்தார்.

மூன்றாம் பெஞ்சில் மாரிக்கனி கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.