மொட்டைக்குளத்தார் சூரியனைப் புதுப்பித்தது

மொட்டைக்குளத்துக்காரர்களுக்குப் புத்தி குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருக்கிற புத்தியை எல்லாரும் ஒரே நேரத்தில் செலவழித்துவிடுவார்கள், சிக்கல் அதுதான்.

அந்த ஊர்க் கிணற்றுக்குச் சோலார் மோட்டார் வந்தது. ஊர் முகப்பில் நாலு பேனல். வெயில் அடித்தால் தெருக்குழாயில் தண்ணீர். அதுவரை மூன்று மைல் குடம் தூக்கிய பெண்களுக்கு இடுப்பு நிமிர்ந்தது.

பிறகு மாவட்டத்திலிருந்து இன்ஜினியர் அம்மா ஒருவர் கூட்டம் போட வந்தார்.

“உலகம் பூரா கரண்டு வேகமா சூரியனுக்கும் காத்துக்கும் மாறிட்டு இருக்கு. ஆனா வண்டி, அடுப்பு, ஆலை இந்த மூணும் ரொம்பப் பின்தங்கி இருக்கு. அதுகளையும் முன்னுக்குக் கொண்டு வரணும்” என்று சொல்லிவிட்டு, டீ குடித்துப் போய்விட்டார்.

பஞ்சாயத்துத் தலைவர் பலவேசம் உடனே கமிட்டியைக் கூட்டினார். கமிட்டி என்றால் அவர், மாவுமில் சொரிமுத்து, மினி பஸ் டிரைவர் சுடலைக்கண்ணு.

“அந்தம்மா சொன்னது நிசந்தான்,” என்றார் பலவேசம். “பேனலு ஊருக்கு முன்னால இருக்கு. செல்லக்கனி அடுப்பு இட்லிக்கடைக்குப் பின்னாலல்லா கிடக்கு.”

“என் பஸ்ஸும் கோயிலுக்குப் பின்னாலதான் நிக்கி அண்ணாச்சி,” என்று சுடலைக்கண்ணு தலைகுனிந்தார்.

செல்லக்கனியின் அடுப்பை இட்லிக் கொப்பரையோடு தூக்கிப் பேனலுக்கு முன்னால் வைத்தார்கள். அவள் கரண்டியோடு கூடவே வந்து மூவருடைய பரம்பரையையும் விசாரித்தாள். அடுத்து பஸ். டீசலில் ஓட்டினால் மறுபடி பின்தங்கிவிடும் என்று, உள்ளே இருந்த பதினெட்டுப் பேரை இறக்காமலே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ஆலைதான் நகரவில்லை. சொரிமுத்து தன் மில் சுவரில் தோளைக் கொடுத்து அரைமணி நேரம் முக்கினார். தோள்தான் வீங்கியது. உட்கார்ந்து யோசித்தார்.

“மில்லு முன்னுக்கு வரலைன்னா பேனலைப் பின்னுக்குக் கொண்டு போவோம். அப்ப மில்லு தானா முன்னால ஆயிரும்லா?”

கமிட்டி அசந்துபோனது. பேனலைக் கழற்றி, வயரை நீட்டி, மில்லின் பின்சுவரை ஒட்டி மாட்டினார்கள். அந்தச் சந்துக்குள் வெயில் எட்டியே பார்ப்பதில்லை. மறுநாள் குழாயைத் திறந்தால் காற்று வந்தது.

குடங்கள் வரிசையில் கிடந்து காய்ந்தன. செல்லக்கனி கடையை மூடினாள். பலவேசத்தின் மனைவி இரண்டு குடத்தை அவர் கையில் கொடுத்தாள். மூன்று மைல் நடந்து திரும்பியவர் இன்ஜினியர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

“சூரியன் தீர்ந்துபோச்சும்மா.”

“அதெப்படிங்க தீரும்? அது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி.” அத்தோடு லைன் கட்டாகிவிட்டது.

பலவேசம் போனை மெதுவாகக் கீழே வைத்தார். “புதுப்பிக்கணுமாம்வே.”

“கடைசியா எப்பப் புதுப்பிச்சோம்?” என்று கேட்டார் சொரிமுத்து.

“எங்கப்பா காலத்துலயே யாரும் புதுப்பிச்ச மாதிரி தெரியலையே,” என்றார் பலவேசம்.

“அப்ப அபராதம் இருக்கும்,” என்றார் சுடலைக்கண்ணு. கமிட்டியில் லைசென்ஸ் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

மூவரும் டவுன் இ-சேவை மையத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“பேரு?”

“சூரியன்.”

“அப்பா பேரு?”

“பெரிய இடம். விசாரிச்சுச் சொல்லுதோம்.”

“முகவரி?”

“காலையில கிழக்க, சாயந்தரம் மேக்க.”

“நிரந்தர முகவரி வேணும்.”

மூவரும் தள்ளிப்போய் ஆலோசித்து, ‘மேலே’ என்று எழுதிக் கொடுத்தார்கள். போட்டோ கேட்டாள். சுடலைக்கண்ணு வாசலுக்குப் போய்ச் செல்போனில் எடுத்து வந்தார்.

“வெறும் வெளிச்சமா இருக்கு, மூஞ்சியே தெரியல,” என்றாள் அவள். “ஆளை நிழல்ல உக்கார வச்சு எடுத்துட்டு வாங்க. அடுத்தது யாரு?”

இதற்குள் ஊரில் செல்லக்கனி நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பேனலைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் மாட்டிவிட்டிருந்தாள். கமிட்டி டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது குழாயில் தண்ணீர் கொட்டியது.

“மனு குடுத்ததுக்கே இம்புட்டுத் தண்ணியா,” என்று சொரிமுத்து நெகிழ்ந்தார்.

“போட்டோவும் குடுத்திரணும்வே. பாக்கி வச்சா நிப்பாட்டிருவாங்க,” என்றார் பலவேசம்.

வேப்பமரத்து நிழலில் ஒரு நாற்காலி போட்டார்கள். பின்னால் வெள்ளை வேட்டி கட்டினார்கள். வருகிறவர் களைப்பாக வருவார் என்று ஒரு சொம்பு மோரும் வைத்தார்கள். பிறகு மூவரும் மேலே பார்த்துக் கும்பிட்டுக் காத்திருந்தார்கள். நாலு மணி வரை நாற்காலி காலியாகவே இருந்தது.

“கூச்சப்படுதாரு,” என்றார் பலவேசம். “எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”