நீந்தத் தெரிந்த சரக்கு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இது கோர்ட்டு விஷயம். நான் பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டவள். வக்கீல்கள் பேசியதை அவர்கள் பேசிய மாதிரியே சொல்ல எனக்கு வராது. ஒபதியா ஐயா சொன்னதை மட்டும் மாற்றாமல் சொல்லப் பார்க்கிறேன். அதிலும் பிசகு இருந்தால், பிசகு என்னுடையது.

அமெரிக்காவில் அடிமைகளை வாங்கி விற்ற காலம் அது. ஒஹையோ ஆற்றின் தென்கரையில் அடிமை வைத்துக்கொள்ளலாம். எங்கள் வடகரையில் கூடாது. ஆனால் அங்கிருந்து தப்பி வந்தவர்களை இங்கே வந்து பிடித்துப் போகலாம், அதற்குச் சட்டம் உண்டு. ஒளித்து வைத்தவர்களுக்குச் சிறை. நான் வடகரையில் ஊர்த் துணியை வெளுத்துப் பிழைத்த விதவை.

ஒபதியா ஐயா நீதிபதியாக இருந்தவர். ஒருநாள் தீர்ப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு நாற்காலியை விட்டு இறங்கி வந்துவிட்டாராம். ஏன் என்று கேட்டால், "முதுகு வலித்தது" என்பார். ஊருக்கு வெளியே முட்டைக்கோஸ் போட்டிருந்தார். மனதில் ஏதாவது குடைந்தால் நாங்கள் சிலர் அவரிடம் போவோம். எனக்கு எப்போதும் ஏதாவது குடைந்துகொண்டே இருக்கும். என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் அவர் எதிரில் எனக்கு உட்காரத் தோன்றாது.

ஒரு காலையில் ஆற்றங்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஆற்றில் வந்துகொண்டிருந்த நீராவிப் படகின் கொதிகலன் வெடித்தது. படகு சாய்ந்து மூழ்கியது. பீப்பாய்களும் பஞ்சுப் பொதிகளும் தண்ணீர் இழுத்த பக்கம் போயின. அவற்றுக்கு நடுவே ஒரு தலை மட்டும் தண்ணீரோடு போகாமல் கரையைப் பார்த்து வந்தது.

கையைப் பிடித்து இழுத்தேன். முப்பது வயதுப் பெண். பெயர் ஃபீபி என்றாள். தென்கரையில் கிராஸ்பி என்பவரின் அடிமை. தூரத்துச் சந்தையில் விற்பதற்காக அவளைப் படகில் ஏற்றியிருந்தார். தோளில் தீப்புண். ஈரத் துணிக்கு அடியில் வைத்து, வண்டியில் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். யோசித்துச் செய்ததில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன்.

அவள் ஆற்றோடு போய்விட்டாள் என்றே இரண்டு கரையிலும் நினைத்தார்கள். கிராஸ்பி, படகுக்காரர் டன்பார் மேல் வழக்குப் போட்டார்.

கிராஸ்பியின் வக்கீல் சொன்னது இது. ஃபீபி சொத்து. சொத்தைப் படகில் ஏற்றினோம். ஏற்றிய சரக்கு போய்ச் சேரவில்லை. காரணம் எதுவானாலும் படகுக்காரர் நஷ்டஈடு தர வேண்டும்.

டன்பாரின் வக்கீல் பிரென்டிஸ் சொன்னது வேறு. பீப்பாயை உருட்டி ஏற்றுகிறோம், ஃபீபி தன் காலால் நடந்து ஏறினாள். பசித்தபோது சாப்பாடு கேட்டாள். சொந்த எண்ணம் உள்ளவளைச் சரக்கு மாதிரிக் கட்டிப் போட முடியுமா? ஆகவே அவள் ஆள், பயணி. படகுக்காரர் அஜாக்கிரதையாக இருந்தார் என்று காட்டினால்தான் பயணிக்கு நஷ்டஈடு.

எனக்கு முதலில் பிரென்டிஸ் நல்லவராகத் தெரிந்தார். பிறகு அவர் என் வீட்டு வாசலுக்கே வந்தார். ஃபீபி உள்ளே வெள்ளாவி அண்டாவுக்குப் பின்னால் இருந்தாள்.

"நகோமியம்மா, அன்றைக்கு நீங்கள் கரையில் இருந்தீர்களாமே. அவள் நீந்தியதைப் பார்த்தீர்களா?"

"நான் துணியைத்தான் பார்த்தேன்."

"பஞ்சுப் பொதி நீந்துமா? நீந்தாது. கரை எந்தப் பக்கம் என்று பார்த்து நீந்தினாள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடிமையும் மனுஷிதான் என்று தென்கரைக் கோர்ட்டில் எழுதவைத்த புண்ணியம் உங்களுக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கு ஃபீஸ்" என்று சிரித்தார். "சாட்சி எழுதிக்கொள்ள கோர்ட் அதிகாரி இந்தக் கரைக்கே வருகிறார். வராமல் இருந்துவிடாதீர்கள். சேவகன் வந்து அழைத்துப் போவான், பார்க்க நன்றாக இருக்காது."

அவர் போனதும் கதவைத் தாழிட்டேன். நீந்தினாள் என்று சொன்னால் அவள் மனுஷி. ஆனால் நீந்தியவள் எங்கே போனாள் என்றுதான் அடுத்த கேள்வி வரும். மூழ்கிவிட்டாள் என்று சொன்னால் யாரும் தேடமாட்டார்கள். ஆனால் பைபிளைத் தொட்டுப் பொய் சொன்னவளாவேன். பொதி மாதிரித் தண்ணீரோடு போனாள் என்று அவளைச் சரக்கு ஆக்கியவளும் ஆவேன். உண்மையைச் சொன்னால் அவளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒபதியா ஐயாவிடம் ஓடினேன். சந்தைக்கு அனுப்ப முட்டைக்கோஸ் அறுத்துக்கொண்டிருந்தார். வழக்கைப் பற்றிச் சொன்னேன். அண்டாவைப் பற்றிச் சொல்லவில்லை.

"ஐயா, அவள் சரக்கா, ஆளா?"

ஒரு முட்டைக்கோசை என் கையில் கொடுத்தார்.

"சந்தைக்குப் போகச் சம்மதமா என்று இதைக் கேள்."

"கிண்டலா ஐயா?"

"கேளேன்."

சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. கேட்டேன்.

"என்ன சொல்கிறது?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"சரி. அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா?"

"அடிமை சாட்சி சொல்லச் சட்டம் விடாதே ஐயா. அதுவும் ஆற்றோடு போனவளை எங்கே தேடிக் கேட்பது?"

"நான் கோர்ட்டைச் சொல்லவில்லை." கத்தியைச் சட்டையில் துடைத்தார். "படகு வெடித்த அன்றைக்கு உன் வண்டி இந்த மேட்டில் ஏறத் திணறியதைப் பார்த்தேன். ஈரத் துணி அவ்வளவு கனக்காது, நகோமி."

என் முகம் என்ன ஆனதோ. அவர் அடுத்த முட்டைக்கோசுக்குக் குனிந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அண்டாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

"ஃபீபி, கோர்ட்டில் நான் என்ன சொல்லட்டும்?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இத்தனை நாள் கஞ்சி ஊற்றினீர்கள். உப்பு சரியா என்றுகூடக் கேட்டதில்லை. இப்போது கோர்ட்டில் என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள்."

"உப்பு போதவில்லையா?"

"அள்ளிக் கொட்டுகிறீர்கள் அம்மா. வாயில் வைக்க முடியவில்லை."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன்.

"கனடாவுக்கு. என் தம்பி அங்கே இருக்கிறான். இந்த ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவர் தோல் ஏற்றும் வண்டியில் ஒளித்து ஆட்களை அனுப்பிவைப்பார் என்று அக்கரையில் பேசிக்கொள்வோம். உங்களிடம் சொல்லலாம் என்றால் நீங்கள் எந்நேரமும் நடுங்கிக்கொண்டே இருக்கிறீர்கள்."

அந்தச் செருப்புக்காரரின் சட்டையை நான் வருஷக்கணக்காக வெளுக்கிறேன். எனக்குத் தெரியாது. போய்க் கேட்டேன். அடுத்த வண்டி, சாட்சி எழுதும் நாளுக்கு மறுநாள்தான் என்றார். அதுவரை யாரும் அவளைத் தேடக் கூடாது.

"சாட்சிக்கு என்ன சொல்வது?" என்று மறுபடியும் ஃபீபியிடம் வந்து நின்றேன்.

"சரக்கு என்று சொல்லாதீர்கள். செத்தேன் என்றும் சொல்லாதீர்கள், அக்கரையில் அம்மா இருக்கிறாள், காதில் விழும். நீந்தினேன் என்றும் சொல்லாதீர்கள், பிடிக்க ஆள் வரும்."

"பிறகு என்னதான் சொல்வது?"

"என்னைப் பற்றி ஒன்றுமே சொல்லாதீர்கள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை."

சத்திரத்துக் கூடத்தில் சாட்சி எழுதினார்கள். ஊரே வந்திருந்தது. மேஜை மேல் பைபிள். அதைத் தொடுவதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார்கள். வழக்கமான கேள்வி. யாரும் யோசிக்காமல் ஆமாம் என்பார்கள். கடவுள் தண்டிப்பார் என்ற பயம் இல்லாதவரின் சாட்சி அந்தக் காலத்தில் செல்லாது.

"பொய் சொன்னால் கடவுள் உன்னைத் தண்டிப்பார் என்று நம்புகிறாயா?" என்றார் அதிகாரி.

ஆமாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லை" என்றேன்.

பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கேள்வி விளங்கவில்லை போலிருக்கிறது" என்று அதிகாரி நிதானமாக இன்னொரு முறை கேட்டார்.

"விளங்கியது ஐயா. இல்லை."

"ஐயோ, என் மேஜைவிரிப்பை எல்லாம் இவளிடமா கொடுத்தேன்!" என்றாள் பாதிரியார் மனைவி.

கிராஸ்பியின் வக்கீல் துள்ளி எழுந்தார். "இவள் சாட்சி செல்லாது!"

பிரென்டிஸ் என் பக்கம் குனிந்தார். "அம்மா தாயே, ஒரு வார்த்தைதானே கேட்டேன்?"

"ஒரு வார்த்தைதான் சொன்னேன்" என்றேன்.

அதிகாரி பேனாவை வைத்தார். "இந்தப் பெண் பேச்சு எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது. அடிமை பேச்சு மாதிரிதான். போகலாம்."

மறுநாள் தோல் வண்டி கிளம்பியது.

என் சாட்சி இல்லாமலே தென்கரையில் தீர்ப்பு வந்தது. தன் காலால் நடப்பவள் பொதி ஆகமாட்டாள், அவள் ஆள்தான் என்று நீதிபதி எழுதினார். அஜாக்கிரதையை யாராலும் காட்ட முடியவில்லை, டன்பார் ஜெயித்தார். நஷ்டஈடு கிடைக்காத கிராஸ்பி, ஆள் என்றால் நீந்தியிருப்பாள், நீந்தியிருந்தால் உயிரோடு இருப்பாள் என்று அன்றைக்கே பிடிக்க ஆட்களை அனுப்பினார். அவளை மனுஷி என்று ஒரு கோர்ட் சொன்னதற்கு இதுதான் பலன். ஆனால் செருப்புக்காரருக்கு அதற்குள் சேதி வந்துவிட்டது. அவள் தம்பியிடம் சேர்ந்துவிட்டாள்.

பிடிக்க வந்தவர்கள் எங்கள் தெருவில் வீடு வீடாக விசாரித்தார்கள். என் கதவைத் தட்டப் போனவனை இன்னொருவன் தடுத்தான்.

"அவளை விடு. கடவுள் இல்லை என்றவள். அவள் எதைச் சொன்னாலும் செல்லாது."

தட்டாமலே போனார்கள்.

அப்புறம் கோயிலுக்குப் போகிறவர்கள் எனக்குத் துணி போடுவதை நிறுத்தினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வேறொன்று குடைந்தது. ஒபதியா ஐயாவிடம் போனேன்.

"ஐயா, நான் தூங்கும்போதுகூட ஜெபம் சொல்கிறவள். பைபிளை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள, அவளைக் காப்பாற்ற, எதற்கென்று எனக்கே தெரியவில்லை. நான் பொய் சொன்னேனா?"

"அந்த நேரத்தில் யாருக்கெல்லாம் பயந்தாய்?"

"அதிகாரிக்கு. இரண்டு வக்கீலுக்கும். ஜெயிலுக்கு. பாதிரியார் மனைவிக்கு."

"கடவுளுக்கு?"

யோசித்துப் பார்த்தேன்.

"அவருக்குப் பயப்படத் தோன்றவில்லை ஐயா."

"தண்டிப்பார் என்று நினைத்தாயா?"

"இல்லை."

"அதைத்தானே அவர்கள் கேட்டார்கள்" என்றார் ஒபதியா ஐயா.